கிராஃபீன் படலமும் பட்டான்செருவின் காற்றும்: வாயு உணரிகள் குறித்து ஒரு மதிப்பாய்வு

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அருகிலுள்ள பெரியகுப்பத்து மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது எந்தக் கருவியும் அல்ல. அவர்களுடைய மூக்கும் எரிந்த கண்களும்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு அளந்தபோது ஆலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில், இது ஏறத்தாழ 3 பிபிஎம். அனுமதியோ 0.57 பிபிஎம்தான்.

அந்த ஆலையின் உரிமையாளரான கோரமண்டல் இன்டர்நேஷனலின் தலைமையகம் ஹைதராபாத்தின் இரட்டை நகரான செகந்திராபாத்தில் இருக்கிறது. வாயுக் கசிவின் அச்சமும் அதை உணர்வதற்கான ஆய்வும் அருகருகே வாழும் நகரம் ஹைதராபாத். 1960களில் பாலாநகரில் ஐடிபிஎல் மருந்து ஆலை எழுந்ததிலிருந்து ஜீடிமெட்லா, பொல்லாரம், பட்டான்செரு, பாசமைலாரம் என்று மருந்து மூலப்பொருள் ஆலைகள் நகரைச் சுற்றிப் பரவின. கரைப்பான் ஆவியும் அமில வாடையும் அப்பகுதி மக்களின் அன்றாடம். தார்நாக்காவில் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம், கண்டியில் ஐஐடி, பாலாப்பூரில் ஏஆர்சிஐ, கோபன்பள்ளியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் என ஆய்வகங்களும் அதே நகரைச் சுற்றித்தான்.

இருபது ஆண்டுகளாகப் பெரிதும் பேசப்படும் கிராஃபீன் படலம், இத்தகைய ஊர்களுக்குத் தேவையான மலிவான, நம்பகமான வாயு உணரியைத் தருமா? இதுவரை நிறுவப்பட்டவை, வெறும் நம்பிக்கையாக நிற்பவை, இன்னும் யாரும் செய்யாதவை ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இன்று கடையில் கிடைப்பது

வாயு உணரிகளின் நவீன வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. 1962இல் செய்யாமா குழுவினர் துத்தநாக ஆக்சைடு படலத்தின் மின்தடை வாயு பட்டால் மாறுவதைக் காட்டினர். அதே காலத்தில் நவோயோஷி தகூச்சி வெள்ளீய ஆக்சைடை வைத்துச் சமையல் வாயுக் கசிவை அறியும் கருவிக்குக் காப்புரிமை கோரினார். இன்றும் வீட்டு எரிவாயு எச்சரிக்கைக் கருவிகள் பலவற்றில் இருப்பது அந்த வழிவந்த பொருள்தான்.

ஹைதராபாத் கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லியின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எம்க்யூ-135 என்ற சென்சாரைக் கல்லூரி மாணவர்கள் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் போவார்கள். கம்பி வலை மூடிய சிறு உலோகக் குப்பி. உள்ளே வெள்ளீய ஆக்சைடு பூசிய பீங்கான் குழல். அதற்குள் ஒரு சூடேற்றும் சுருள். 5 வோல்ட் கொடுத்ததும் சுருள் சூடாகிறது. முதல் தடவை ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்த பிறகுதான் அளவு நிலைப்படும். சூடேற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 800 மில்லிவாட் செலவாகிறது. அம்மோனியா, பென்சீன், சாராய ஆவி, புகை என எது வந்தாலும் அதன் மின்தடை குறையும். எது வந்தது என்று அதனால் சொல்ல முடியாது.

வெள்ளீய ஆக்சைடு பொதுவாக 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் வேலை செய்யும். அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் அயனிகளோடு வாயு வினைபுரிய அந்தச் சூடு தேவை. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் கருவியையோ, சட்டையில் குத்திக்கொள்ளும் கருவியையோ இதை வைத்துச் செய்வது கடினம். ஹைதராபாத்துக்கு இந்தத் துறை புதிதன்று. தார்நாக்கா கழகத்தில் சுங்கர மனோரமாவும் உடன் பணியாற்றியோரும் 1990களிலேயே வெள்ளீய ஆக்சைடைக் கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு உணரிகளை ஆராய்ந்தார்கள். இந்தப் பொருளின் வலிமையும் வரம்பும் இந்நகரத்து வேதியியலாளர்களுக்கு நன்கு பழக்கமானவை.

ஓரணுத் தாள் உணர்வது எப்படி

கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் அறுகோணமாகப் பிணைந்த, ஒரே ஓர் அணு கனமுள்ள தாள். 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவசெலோவும் ஒட்டும் நாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். சாதாரணத் திடப்பொருள்களில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே புதைந்திருக்கும். இதில் எல்லா அணுக்களுமே மேற்பரப்பில் இருக்கின்றன. ஒரு கிராம் கிராஃபீனின் கொள்கையளவிலான பரப்பு 2,630 சதுர மீட்டர். நம் கணக்கில் 65 சென்ட் நிலம்.

காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம், அடியிலுள்ள தளம் ஆகியவற்றின் பாதிப்பால் சாதாரணச் சூழலில் கிராஃபீனில் மின்துளைகளே, அதாவது எலக்ட்ரான் இல்லாத நேர்மின் வெற்றிடங்களே, மின்னோட்டத்தைச் சுமக்கும். நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறு வந்து ஒட்டினால் அது எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும், மின்துளைகள் கூடும், மின்தடை குறையும். அம்மோனியா வந்தால் எலக்ட்ரானைக் கொடுக்கும், மின்துளைகள் குறையும், மின்தடை ஏறும். சூடேற்றும் சுருள் தேவையில்லை. அறை வெப்பநிலையிலேயே, மிகச் சொற்ப மின்சாரத்தில் இது நடக்கும்.

2007இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஷெடின் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஆய்வு இத்துறையையே தொடங்கி வைத்தது. அவர்கள் மைக்ரோமீட்டர் அளவுக் கிராஃபீன் கருவி மீது 1 பிபிஎம் செறிவில் நைட்ரஜன் டைஆக்சைடு, அம்மோனியா முதலியவற்றைச் செலுத்தி மின்தடை மாற்றத்தை அளந்தார்கள். பின்னர் வலிய காந்தப்புலத்தில், மிகுந்த கவனத்தோடு, ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையும் விலகுவதையும் தனித்தனிப் படிகளாகப் பதிவு செய்தார்கள். உணர்திறனுக்கு இதைவிடப் பெரிய சான்று இருக்க முடியாது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒட்டிய மூலக்கூறுகளை விரட்ட வெற்றிடத்தில் 150 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டியிருந்தது. பின்வந்த பெரிய சிக்கல்களில் ஒன்றுக்கு அந்தக் குறிப்பு முன்னறிவிப்பாக அமைந்தது.

படலம் செய்ய மூன்று வழிகள்

நாடாவால் உரிப்பது ஆய்வுக்குச் சரி; தொழிலுக்கு உதவாது. இரண்டாவது வழி வேதி ஆவிப் படிவு. செப்புத் தகட்டை ஏறத்தாழ 1,000 டிகிரியில் வைத்து மீத்தேனைச் செலுத்தினால் அதன் மேல் கிராஃபீன் வளரும். 2009இல் டெக்சாஸில் ரூவாஃப் குழு இதைக் காட்டியது. 2010இல் கொரியக் குழுவினர் 30 அங்குலப் படலத்தையே உருளையில் சுற்றி எடுத்தார்கள். செப்பிலிருந்து வேறு தளத்துக்கு மாற்றும்போது பாலிமர் பூச வேண்டும். அதன் எச்சம் படலத்தில் தங்கிவிடும்.

மூன்றாவது வழி வேதியியலாளர்களுடையது. 1958இல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் கொடுத்த முறைப்படி கிராஃபைட்டை ஆக்சைடாக்கி நீரில் கலக்கி, தளத்தில் தெளித்தோ அச்சிட்டோ, பிறகு ஒடுக்கினால் ‘ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு’ படலம் கிடைக்கும். இது ஓட்டையும் ஒடிசலும் நிறைந்தது. ஆக்சிஜன் தொகுதிகள் எஞ்சியிருக்கும். ஆனால் மலிவு. காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் அச்சிடலாம். இந்தியாவில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் சி. என். ஆர். ராவ் குழு 2009இலேயே சில அடுக்குக் கிராஃபீன்களை நைட்ரஜன் டைஆக்சைடுக்கும் ஈரப்பதத்துக்கும் சோதித்தது. வாயுவையும் ஈரத்தையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்த்தது தொலைநோக்கு.

தூய்மை கைகொடுக்கவில்லை

படலம் எவ்வளவு தூயதோ அவ்வளவு நல்ல உணரி என்றுதான் தொடக்கத்தில் எல்லாரும் நினைத்தார்கள். கணக்கீடுகள் வேறு சொல்லின. 2008இல் பெல்ஜியத்தில் லீனார்ட்ஸ் குழு கணித்தபடி பழுதற்ற கிராஃபீனில் அம்மோனியாவின் பிணைப்பாற்றல் 31 மில்லி எலக்ட்ரான் வோல்ட், நைட்ரஜன் டைஆக்சைடுடையது 67. அறை வெப்பநிலையின் அதிர்வே ஏறத்தாழ 26. அந்தத் தாளில் மூலக்கூறு நிலையாக உட்காரவே இடமில்லை என்று பொருள்.

2009இல் பென்சில்வேனியாவில் டானும் ஜான்சனும் உடன் பணியாற்றியோரும் செய்த சோதனை இத்துறையைத் தடம் மாற்றியது. கருவி செய்யும்போது தங்கிய பாலிமர் எச்சத்தை நன்றாகச் சுத்தம் செய்ததும் படலத்தின் உணர்திறன் வெகுவாகச் சரிந்தது. வாயுவை இழுத்துப் பிடித்துத் தாளருகே சேர்த்து வைத்தது அழுக்குதான் என்று தெரிந்தது. 2012இல் இலினாய் குழுவினர் பழுதுக் கோடுகள் நிறைந்த பலபடிகக் கிராஃபீன் பட்டைகள் நல்ல உணரிகளாக அமைவதைக் காட்டினார்கள். தூய படலத்தாலும் பெரிய எண்களை எட்ட முடியும் என்பதையும் அதே ஆண்டு பார்த்தோம். அமெரிக்காவில் ஹருத்யுன்யன் குழு புறஊதா ஒளியை இடைவிடாமல் பாய்ச்சிப் படலத்தைத் துப்புரவாக வைத்து, நைட்ரிக் ஆக்சைடை ஆயிரம் லட்சம் கோடியில் 158 பங்கு வரை கண்டதாக அறிவித்தது. ஆனால் அது ஆய்வக வாயு ஓட்டத்தில் கிடைத்த எண். தெருக் காற்றில் கிடைத்ததன்று.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு உறுதியாகிறது. வெறுந்தாள் நல்ல மின்கடத்தி. வாயுவைத் தேர்ந்து பிடிக்கும் வேலைக்கு அதன் மேல் வேதியியல் தேவை. ஹைட்ரஜனுக்குப் பல்லேடியம் துகள், ஹைட்ரஜன் சல்பைடுக்கு உலோக ஆக்சைடு, கரிம ஆவிகளுக்குப் பாலிமர் என ஒவ்வொரு வாயுவுக்கும் அதற்குரிய பிடிமானத்தைப் படலத்தின் மேல் கட்ட வேண்டும்.

ஹைதராபாத்தின் ஃபுளூரின் வழி

அப்படி வேதியியலால் பிடிமானம் கட்டியதற்குச் சிறந்த உதாரணம் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. 2016இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் மையத்தில் தரங்கத்து நாராயணன் குழுவினர் ஃபுளூரின் ஏற்றிய கிராஃபீனைக் கொண்டு அம்மோனியா உணரி செய்தார்கள். தனிமங்களில் ஃபுளூரினே எலக்ட்ரானை மிக வலுவாக இழுப்பது. அம்மோனியாவின் ஹைட்ரஜன் அதை நாடி வரும். இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும். அந்தப் பிணைப்பால் படலத்தின் மின்மறுப்பு மாறும். அந்த மாற்றத்தை அளக்கலாம்.

அவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு, 24 விழுக்காடு என இரண்டு வகை ஃபுளூரின் செறிவுகளை எடுத்துக்கொண்டார்கள். கணக்கீட்டிலும் சோதனையிலும் ஒப்பிட்டார்கள். படலத்தைத் திரை அச்சு முறையில், துணியிலும் அட்டையிலும் அச்சடிக்கும் அதே நுட்பத்தில், அச்சிட்டார்கள். கண்டறியும் எல்லை 0.44 பிகோமோலார், 1 பிகோமோலாரிலிருந்து 0.1 மைக்ரோமோலார் வரை நேர்கோட்டில் மாறும் அளவீடு. அம்மோனியாவாக இருந்தாலும் அம்மோனியம் அயனியாக இருந்தாலும் இரண்டையும் உணர்ந்தது.

இதைச் சரியாகப் படிக்க வேண்டும். மோலார் என்பது கரைசலுக்கான அலகு. எண்ணூர் ஆலை வாசலின் 3 பிபிஎம்மோடு இதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. இந்த ஆய்வின் மதிப்பு எண்ணில் இல்லை. அது காட்டிய வழியில் இருக்கிறது. எந்த மூலக்கூறைப் பிடிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதன் குணத்துக்கேற்ற அணுவைத் தேர்ந்து, தாளில் பதித்து, அச்சிடக்கூடிய வடிவில் கொண்டுவந்தார்கள். படலத்தை முதலில் செய்துவிட்டு எந்த வாயுவுக்கு ஆகும் என்று பின்னால் தேடும் ஆய்வுகள் மலிந்த துறையில் இது முன்மாதிரி.

மும்பை நெடுஞ்சாலையில் பட்டான்செருவைத் தாண்டினால் வரும் ஐஐடி வளாகத்தில் சுஷ்மி பதுலிகா குழு காகிதம் போன்ற வளையும் தளங்களில் கிராஃபீனையும் பிற இருபரிமாணப் பொருள்களையும் வைத்து உணரிகளை உருவாக்கி வருகிறது. ஹைட்ரஜனில் இயங்கும் எரிபொருள்கலங்களுக்காகப் பாலாப்பூர் ஏஆர்சிஐ நடத்தும் மையம் சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு நிறமோ மணமோ கிடையாது. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். பசுமை ஹைட்ரஜன் பற்றி நாடு பேசும் இக்காலத்தில் பல்லேடியம் பதித்த கிராஃபீன் படலத்துக்கு உடனடித் தேவை இருக்கிறது.

தீராத மூன்று சிக்கல்கள்

முதலாவது, மீட்சி. ஆய்வறையில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் புரியும். மூடிய பெட்டிக்குள் படலம். உலர்ந்த நைட்ரஜன் ஓடுகிறது. திரையில் மின்தடைக் கோடு படுத்துக் கிடக்கிறது. அம்மோனியாவைத் திறந்ததும் கோடு ஏறுகிறது. மூடியதும் இறங்கத் தொடங்கி, பாதி வழியிலேயே தயங்கி, பழைய இடத்துக்கு வராமல் நின்றுவிடுகிறது. அடுத்த முறை வாயு வரும்போது அந்த உயர்ந்த இடமே தொடக்கமாகிவிடும். வாயுவை இறுகப் பிடிக்கும் பழுதுகளே அதை விடவும் மறுக்கின்றன. சூடேற்றலாம், புறஊதா ஒளி பாய்ச்சலாம். 2011இல் அமெரிக்காவில் கொராட்கர் குழு கிராஃபீன் நுரைக்குள்ளேயே மின்சாரம் செலுத்திச் சூடாக்கி விடுவித்தது. எதைச் செய்தாலும் மின்செலவு கூடும்; கிராஃபீனின் முதல் அனுகூலம் அந்த அளவுக்குக் குறையும்.

இரண்டாவது, தேர்திறன். எலக்ட்ரானைக் கொடுக்கும் வாயுக்கள் அனைத்தும் ஒரே பக்கம் கோட்டை நகர்த்தும். 2012இல் பலாந்தின், ஷுர் குழுவினர் மின்தடையின் அளவோடு அதன் இரைச்சலையும் ஆராய்ந்து, சில ஆவிகள் இரைச்சலில் தமக்கேயுரிய அடையாளத்தை விடுகின்றன என்று காட்டினார்கள். அழகிய கண்டுபிடிப்பு. இன்னொரு வழி ‘மின்மூக்கு’. வெவ்வேறு பூச்சுள்ள பல உணரிகளை அடுக்கி, அவற்றின் கூட்டுப் பதிலை வைத்து அடையாளம் காண்பது. 1982இல் பெர்சாடும் டாடும் முன்வைத்த இந்தக் கருத்துக்கு அச்சிடக்கூடிய கிராஃபீன் படலம் நன்றாகப் பொருந்தும். ஒரே அட்டையில் எத்தனை பூச்சு வேண்டுமானாலும் அச்சிடலாம்.

மூன்றாவது, ஈரம். என் கணிப்பில் இதுவே எல்லாவற்றிலும் பெரியது. ஹைதராபாத்தின் ஏப்ரல் மதியம் வறண்டு கிடக்கும்; ஆகஸ்டில் காற்று நீரால் கனக்கும். நீர் மூலக்கூறும் கிராஃபீனின் மின்தடையை மாற்றும். அதன் செறிவோ விழுக்காட்டுக் கணக்கில். நாம் தேடும் வாயு நூறு கோடியில் சில பத்துப் பங்கு. நைட்ரஜன் டைஆக்சைடுக்கு இந்தியத் தரம் 24 மணி நேரச் சராசரியாக 80 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் ஏறத்தாழ 42 பங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல் 25 மைக்ரோகிராம், ஏறத்தாழ 13 பங்கு. 2007இன் முதல் சோதனை 1 பிபிஎம்மில், அதாவது நூறு கோடியில் 1,000 பங்கில் நடந்தது. ஈரத்தின் இந்தப் பேராட்டத்துக்கு நடுவே 13 பங்கை நம்பிக்கையோடு சொல்லும் படலம்தான் தேவை. உலர்ந்த நைட்ரஜனில் பெற்ற எண் எதுவும் இதற்கு விடையாகாது.

யாருக்காக இந்த உணரி

இந்த உணரி தேவைப்படுவோர் ஆலையருகே வசிப்பவர்கள் மட்டுமல்லர். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் சென்னை, ஹைதராபாத் உள்ளிட்ட 6 பெருநகரங்களில் மனிதர்கள் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வதைத் தடை செய்தது. 2023 அக்டோபரிலேயே சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பளித்திருந்தது. அந்த மரணங்களின் முக்கியக் காரணிகளில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பி இறங்குகிறார்கள். ஏறத்தாழ 100 பிபிஎம்மில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அந்த நிமிடத்தில் கத்த வேண்டிய கருவி, எந்த மேன்ஹோல் மூடியிலும் பொருத்தும் அளவுக்கு மலிவாக இருக்க வேண்டும். மனிதனை இறக்காமலிருப்பதே முதல் கடமை. எந்த உணரியும் அதற்கு மாற்றாகாது. ஆனாலும் இயந்திரத்தோடு வேலை செய்பவரும் குழியருகே வாழ்பவரும் காக்கப்பட வேண்டியவர்களே. இங்கே தேவையான உணர்திறன் பிபிஎம் அளவுதான். கிராஃபீன் அதை எப்போதோ தாண்டிவிட்டது. ஈரத்தில் நனைந்தும் கெடாமல் நிற்பதில்தான் மீதி இருக்கிறது.

எதை வைத்து நம்புவது

இதுவரை பார்த்ததிலிருந்து என் மதிப்பீடு இது. உணர்திறன் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு சுழியம் குறைத்து இன்னொரு சாதனை அறிவிப்பதால் பட்டான்செருவுக்கோ எண்ணூருக்கோ பயன் இல்லை. தூய படலத்தைத் தேடும் பாதையைவிட, ஃபுளூரின் வழி காட்டியதுபோல் குறிப்பிட்ட வாயுவுக்காக வடிவமைத்த, அச்சிடக்கூடிய, குறைபாடுள்ள படலமே பயன்பாட்டுக்கு அருகில் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது நீண்ட காலக் களச்சோதனை.

அதற்கான வசதி ஹைதராபாத்தில் ஆயத்தமாக இருக்கிறது. பட்டான்செரு இக்ரிசாட் வளாகம், பொல்லாரம், பாசமைலாரம், சனத்நகர் ஆகிய இடங்களில் தொடர் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. நைட்ரஜன் டைஆக்சைடு, அம்மோனியா உள்ளிட்டவற்றை அவை தரமான கருவிகளால் அளந்துகொண்டே இருக்கின்றன. கச்சிபௌலியின் ஐஐஐடி, மலிவான தூசி அளவிகளை அடர்த்தியாக நிறுவித் தரவு சேகரித்த அனுபவம் கொண்டது. நகரத்து ஆய்வகங்கள் செய்யும் கிராஃபீன் படலங்களை இந்த நிலையங்களின் கூரையிலேயே ஓராண்டு வைக்க வேண்டும்; மே மாத வெயிலும் ஆகஸ்டு ஈரமும் பட வேண்டும்; நிலையத்தின் அளவோடு நாள்தோறும் ஒப்பிட வேண்டும்; எத்தனை நாளுக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் தேவைப்பட்டது என்பதை வெளியிட வேண்டும்; தவறிய படலங்களின் தரவையும் மறைக்காமல் தர வேண்டும்.

இனி இத்துறையில் நிதி கேட்கும் எந்தத் திட்டத்திடமும் கண்டறியும் எல்லை என்ன என்று கேட்பதற்கு முன், திறந்த வெளியில் எத்தனை மாதம் தாங்கியது என்று கேட்க வேண்டும். 2007இல் ஒரு மூலக்கூறை எண்ணிய படலம், ஒரு பருவமழையைத் தாங்கிக் காட்டிய பிறகே ஆலைச் சுவரருகே குடியிருப்பவர் நம்பத்தக்க கருவியாகும். அந்தச் சோதனையை உலகில் வேறு யாராவது செய்யட்டும் என்று ஹைதராபாத் காத்திருக்கத் தேவையில்லை. ஆலையும் ஆய்வகமும் அளவு நிலையமும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்த இந்நகரமே அதை முதலில் செய்ய வேண்டியது.